மூன்று ஆட்டங்கள், பதினாறு கோல்கள்: ஆண்ட்ரூ வாட்சன் என்ற பின்கள வீரர்

ஸ்காட்லாந்து தேசியக் கால்பந்து அணிக்காக 1881, 1882 ஆண்டுகளில் ஆண்ட்ரூ வாட்சன் களமிறங்கியது மூன்றே முறை. முதல் ஆட்டத்திலேயே அவர்தான் அணித்தலைவர். மூன்று ஆட்டங்களிலும் ஸ்காட்லாந்து வென்றது. அடித்த கோல்கள் 16, வாங்கியவை 3. கறுப்பினத்தைச் சேர்ந்த ஒருவர் ஒரு நாட்டின் கால்பந்து அணிக்கு ஆடியதும் தலைமை தாங்கியதும் அதுவே முதல் முறை என்று இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஆனால் 25 வயதில், ஆட்டத்தில் தளர்ச்சி எதுவும் தென்படாத நிலையில், அவருடைய சர்வதேச வாழ்க்கை முடிந்துபோனது. அதன்பின் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை.

இந்த இரண்டுக்கும், அதாவது ஆட்டம் நின்றதற்கும் பெயர் மறைந்ததற்கும், நிறவெறிதான் காரணம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. அக்காலத்துப் பிரிட்டனில் நிறவெறி இல்லை என்று யாரும் வாதிட முடியாது. இருந்தாலும் வாட்சனின் வாழ்க்கையை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்க்கும்போது வேறு இரண்டு காரணங்கள் முன்னுக்கு வருகின்றன. ஒன்று, ஸ்காட்லாந்துக்கு வெளியே குடியேறியவர்களைத் தேசிய அணிக்கு எடுப்பதில்லை என்ற தேர்வு வழக்கம். மற்றொன்று, கால்பந்தின் வரலாற்றைப் பின்னால் எழுதியவர்கள் எதை ஏட்டில் ஏற்றினார்கள், எதை விட்டார்கள் என்பது. இந்த ஆய்வு அந்த இரண்டையும்தான் பின்தொடர்கிறது.

பிறப்பும் பணமும்

வாட்சன் 1856 மே 24 அன்று தென் அமெரிக்காவில் பிரிட்டிஷ் கயானாவின் (இன்றைய கயானா) டெமராராவில் பிறந்தார். தந்தை பீட்டர் மில்லர் வாட்சன் கரும்புத் தோட்டங்களால் செல்வம் சேர்த்த ஸ்காட்லாந்துக்காரர். தாய் ஹன்னா ரோஸ் அந்த மண்ணைச் சேர்ந்த கறுப்பினப் பெண். பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமைகள் முழு விடுதலை பெற்றது 1838-இல். அதாவது வாட்சன் பிறப்பதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பு. அடிமைகள் விட்டுச்சென்ற வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கொண்டுபோகப்பட்டதும் அதே தோட்டங்களுக்குத்தான். 1845 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் டெமராராவுக்குப் போயின என்பதால் நம் பக்கத்து ஏழைக் குடும்பங்களுக்கு அந்தப் பெயர் புதிதில்லை. அந்தக் கரும்பின் லாபத்திலிருந்து வந்த பணம்தான் வாட்சனை இங்கிலாந்தின் நல்ல பள்ளிகளுக்கு அனுப்பியது.

தந்தை ஆண்ட்ரூவையும் அவருடைய அக்கா அன்னெட்டாவையும் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். 1869-இல் தந்தை இறந்தபோது பிள்ளைகள் இருவருக்கும் கணிசமான சொத்து கிடைத்தது. ஆண்ட்ரூ யார்க்ஷயரின் ஹாலிஃபாக்ஸில் ஹீத் கிராமர் பள்ளியிலும், 1871 முதல் லண்டனில் கிங்ஸ் கல்லூரிப் பள்ளியிலும் படித்தார். 19 வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இயற்கைத் தத்துவம் (இன்றைய இயற்பியல்), கணிதம், பொறியியல் பாடங்களை எடுத்தார். ஓராண்டுக்குப் பிறகு படிப்பை விட்டுவிட்டார். பின்னர் மொத்த வணிகக் கிடங்குத் தொழிலில் பங்குதாரரானார். 1877-இல் ஜெஸ்ஸி நிம்மோ ஆர்மர் என்ற, மரச்சாமான் செய்யும் கைவினைஞரின் மகளை மணந்து கிளாஸ்கோவிலேயே குடும்பம் அமைத்தார்.

இந்தப் பின்னணியை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. அன்றைய கால்பந்து, குறிப்பாக மேல்மட்ட அமெச்சூர் கால்பந்து, பணமும் ஓய்வும் உள்ளவர்களின் ஆட்டம். ஊதியம் கிடையாது, பயணச் செலவு, வேலை நாட்களின் இழப்பு எல்லாவற்றையும் ஆட்டக்காரரே தாங்க வேண்டும். தோட்டக்காரரின் மகன், நல்ல பள்ளி மாணவர், தொழில் பங்குதாரர் என்ற மூன்று அடையாளங்கள் வாட்சனுக்கு இருந்தன. அதே நிறத்தில் ஒரு துறைமுகக் கூலியின் மகன் வந்து நின்றிருந்தால் அதே கதவுகள் திறந்திருக்குமா என்றால், திறந்திருக்காது என்றே நினைக்கிறேன். வாட்சனின் ஏற்றத்தை விக்டோரியா காலத்துப் பரந்த மனப்பான்மைக்குச் சான்றாகக் காட்டுவோர் இந்த வர்க்கக் கணக்கைப் பார்ப்பதில்லை.

பார்க்குரோவும் செயலாளர் மேசையும்

கிளாஸ்கோவில் அவர் முதலில் மேக்ஸ்வெல் என்ற சிறிய அணிக்கும், 1876 முதல் பார்க்குரோவ் அணிக்கும் ஆடினார். பார்க்குரோவில் அவருடன் ராபர்ட் வாக்கர் என்ற இன்னொரு கறுப்பின ஆட்டக்காரரும் இருந்தார். ஆகவே அந்த நகரின் மைதானங்களில் வாட்சன் தனி ஒருவராக நிற்கவில்லை. பார்க்குரோவில் அவர் ஆட்டச் செயலாளராகவும் பொறுப்பேற்றார்; கால்பந்து நிர்வாகத்தில் முதல் கறுப்பினத்தவர் என்று அவர் குறிப்பிடப்படுவது இதனால்தான்.

ஆட்டச் செயலாளர் என்ற பதவி இன்று கேட்க எளிதாகத் தோன்றலாம். அன்று ஓர் அணியின் உயிர்நாடியே அதுதான். அணிகள் அட்டவணைப்படி ஒன்றோடொன்று மோதும் லீக் ஸ்காட்லாந்தில் தொடங்கியது 1890-இல். அதுவரை கோப்பைப் போட்டிகளைத் தவிர மற்ற எல்லா ஆட்டங்களும் கடிதம் எழுதித்தான் ஏற்பாடாயின. பருவம் தொடங்குவதற்கு முன்பே எந்த அணியோடு எந்தச் சனிக்கிழமை, யார் மைதானத்தில், நுழைவுக் கட்டண வசூலில் யாருக்கு எவ்வளவு, மறு ஆட்டத்துக்கு யார் எங்கே வர வேண்டும் என்று ஒவ்வொன்றையும் செயலாளர்தான் எழுதிப் பேசி முடிக்க வேண்டும். ஒரு கடிதம் தாமதமானால் ஒரு சனிக்கிழமை வீணாகும். பெரிய அணி ஒன்று வர ஒப்புக்கொண்டால் அந்த ஆண்டின் வரவு செலவே மாறும். நாணயமானவர், கடிதத் தொடர்பில் கெட்டிக்காரர், மற்ற அணிகளின் மதிப்பைப் பெற்றவர் என்று நம்பப்பட்டவரிடம்தான் இந்த வேலை வரும். வாட்சனுக்கு இது இரண்டு முறை வந்தது: முதலில் பார்க்குரோவில், பிறகு 1881 நவம்பரில் குயின்ஸ் பார்க்கில்.

1880 ஏப்ரலில் கிளாஸ்கோ நகரின் அணிக்குத் தேர்வாகி ஷெஃபீல்டின் பிரமால் லேன் மைதானத்தில் ஷெஃபீல்டு அணிக்கு எதிராக ஆடினார். கிளாஸ்கோ 1–0 என்று வென்றது. அதே ஏப்ரலில் குயின்ஸ் பார்க் அணியில் சேர்ந்தார். 1867-இல் தொடங்கப்பட்ட அந்த அணிதான் அன்றைய ஸ்காட்லாந்துக் கால்பந்தின் உச்சி. ‘ஆட்டம் ஆட்டத்துக்காகவே’ என்ற லத்தீன் வாசகத்தைக் கொள்கையாகக் கொண்ட அவர்கள், 2019 வரை அமெச்சூர் நிலையை விடாமல் காத்தார்கள் என்றால் அந்தப் பிடிவாதம் எத்தகையது என்பது விளங்கும்.

பின்களத்தின் வேலை

வாட்சனின் திறமையை மதிப்பிட, 1880-களின் தொடக்கத்தில் ஒரு பின்கள வீரர் என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய ஆட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் தவறாகவே புரியும். ஸ்காட்லாந்து அணி அப்போது ஒரு கோல்கீப்பர், இரண்டு பின்கள வீரர்கள், இரண்டு நடுக்கள வீரர்கள், ஆறு முன்கள வீரர்கள் என்று நின்றது. எதிரணியும் ஆறு பேரை முன்னால் நிறுத்தினால், அவர்களைத் தடுக்க மொத்தம் நான்கு பேர்தான். அதிலும் கோலுக்கு முன்னால் கடைசியாக நிற்பவர்கள் இரண்டே பேர்.

அவர்களுக்கு ஒரு துணை இருந்தது. அது ஆஃப்சைட் விதி. பந்து தட்டப்படும் கணத்தில், முன்னே நிற்கும் எதிரணி வீரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் குறைந்தது மூன்று தற்காப்பாளர்கள் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. 1925-இல்தான் அது இரண்டானது. எனவே இரண்டு பின்கள வீரர்களில் ஒருவர் துணிந்து முன்னேறிப் பந்தைப் பறிக்கப் போகலாம், மற்றவர் பின்னால் காவல் நிற்கலாம். முன்னேறுபவருக்கு வேகமும் துல்லியமான நேரக் கணக்கும் வேண்டும். கணக்கு தப்பினால் பின்னால் நிற்பவர் ஒருவர், எதிரே வருபவர்கள் நான்கைந்து பேர்.

கோல்கீப்பரின் நிலை இன்னும் பரிதாபமானது. பந்து கையில் இருக்கும்போதே அவரைத் தோளால் இடித்து விழுத்தலாம். எதிரணியின் முன்கள வீரர்களில் ஒருவருக்கு அதுவே வேலையாக இருந்தது. ஆகவே பந்து கோல்கீப்பரிடம் போவதற்கு முன்பே தட்டிவிடுவது பின்கள வீரரின் கடமை. பெனால்டி என்பதே 1891 வரை கிடையாது. கோல் கம்பங்களுக்கு வலையும் அப்போதுதான் வந்தது. களத்துக்குள் ஒவ்வோர் அணிக்கும் ஒரு நடுவர் என்று இருவர் நிற்க, அவர்களுக்குள் ஒத்துப்போகாதபோது மட்டும் வெளியே நிற்கும் மூன்றாமவர் தீர்ப்புச் சொன்னார். மழையில் ஊறிக் கனத்த தோல் பந்தை, சேறான தரையில், ஓடிவரும் ஆறு பேருக்கு முன்னால் நின்று ஒரே உதையில் களத்தின் மறுபாதிக்கு அனுப்ப முடிந்தவர்தான் நல்ல பின்கள வீரர்.

1880–81 பருவத்துக்கான ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கத்தின் ஆண்டு மலர், வாட்சனை நம்மிடமுள்ள மிகச் சிறந்த பின்கள வீரர்களுள் ஒருவர் என்று எழுதியது. அவருடைய வேகத்தையும், பந்தைப் பறிக்கும் திறனையும், வலுவும் உறுதியும் கொண்ட உதையையும் அது தனித்தனியே குறிப்பிட்டது. மேலே சொன்ன வேலைக்கு வேண்டிய குணங்கள் அவைதாம் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் குறிப்பில் அவருடைய நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்த மௌனத்தைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

ஓவல், 1881

1881 மார்ச் 12, சனிக்கிழமை, லண்டன் கென்னிங்டன் ஓவல். ஸ்காட்லாந்து அணியில் கோல்கீப்பர் ரேஞ்சர்ஸ் அணியின் ஜார்ஜ் கில்லெஸ்பி. பின்களத்தில் வாட்சனும் ரேஞ்சர்ஸின் டாம் வாலன்ஸும். நடுக்களத்தில் குயின்ஸ் பார்க்கின் சார்லஸ் கேம்ப்பெல்லும் டேவிட் டேவிட்சனும். வாலன்ஸ், கேம்ப்பெல் போன்ற மூத்த கைகள் களத்தில் இருந்தும், முதல் முறையாக நாட்டுக்கு ஆடும் 24 வயது வாட்சனிடம் தலைமை கொடுக்கப்பட்டது. குயின்ஸ் பார்க்கின் செல்வாக்கு தேர்வில் எப்போதும் இருந்ததுதான். ஆனால் அதே அணியைச் சேர்ந்த அனுபவசாலி கேம்ப்பெல் இருக்கும்போது புதியவரிடம் பொறுப்பு போனதை அணிப் பாசம் என்று மட்டும் தள்ளிவிட முடியாது.

ஸ்காட்லாந்து 6–1 என்று வென்றது. ஜான் ஸ்மித் மூன்று கோல்களும், ஜார்ஜ் கெர் இரண்டும், டேவிட் ஹில் ஒன்றும் அடித்தனர். இங்கிலாந்தின் ஒரே கோலைப் போட்டவர் ஸ்விஃப்ட்ஸ் அணியின் எட்வர்டு சார்லஸ் பாம்பிரிட்ஜ். இங்கிலாந்து சொந்த மண்ணில் இதைவிடப் பெரிய வித்தியாசத்தில் இன்றுவரை தோற்றதில்லை. 1953-இல் ஹங்கேரி வெம்பிளியில் போட்ட 6–3 உலகப் புகழ் பெற்றது. ஆனால் கோல் வித்தியாசத்தில் அது ஓவலுக்குக் கீழேதான்.

இரண்டே நாள் கழித்து, திங்கட்கிழமை, வேல்ஸின் ரெக்ஸமில் அடுத்த ஆட்டம், 5–1 வெற்றி. அடுத்த ஆண்டு 1882 மார்ச் 11 அன்று கிளாஸ்கோவின் முதல் ஹாம்டன் பார்க்கில் இங்கிலாந்து மறுபடி வந்தது, மறுபடியும் 5–1. ஆறு பேர் கொண்ட முன்வரிசைகளுக்கு எதிராக மூன்று ஆட்டங்களில் மூன்றே கோல்கள் கொடுத்த தற்காப்பு அது. அந்தக் காலத்து ஆட்டங்கள் எப்படி இருந்தன என்பதற்கு 1879-இல் இங்கிலாந்து 5–4 என்று வென்றதையும் 1880-இல் ஸ்காட்லாந்து அதே கணக்கில் பழி தீர்த்ததையும் ஒப்பிட்டால் போதும். வாட்சன் வருவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் இங்கிலாந்து ஸ்காட்லாந்துக்கு எதிராக ஒன்பது கோல்கள் போட்டிருந்தது. அவர் ஆடிய இரண்டு ஆண்டுகளில் இரண்டே கோல்கள். இந்தக் குறைவு முழுவதும் ஒருவரின் சாதனை என்று சொல்வது மிகையாகும். ஆனால் இரண்டு பேர் மட்டுமே நிற்கும் பின்வரிசையில் ஒருவரின் பங்கு பாதி.

குயின்ஸ் பார்க்கிலும் அதே காலத்தில் கோப்பைகள் சேர்ந்தன. 1881 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் டம்பார்ட்டனை 2–1 என்று வென்றும், கூட்டம் களத்துக்குள் புகுந்துவிட்டது என்று டம்பார்ட்டன் முறையிட்டதால் ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டியதாயிற்று. அதில் 3–1 வெற்றி. அடுத்த ஆண்டும் அதே டம்பார்ட்டன். முதலில் 2–2, மறு ஆட்டத்தில் 4–1.

எல்லைக்கு அப்பால்

1882-இல் வாட்சன் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய சர்வதேச வாழ்க்கை நின்றது இங்கேதான். ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் ஸ்காட்லாந்து அணிகளில் ஆடுபவர்களை மட்டுமே தேசிய அணிக்கு எடுத்தது. இங்கிலாந்து அணிகள் கள்ளத்தனமாகப் பணம் கொடுத்து ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களை இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டம் 1885-இல் சட்டபூர்வமானது, ஸ்காட்லாந்தில் 1893-இல்தான். எல்லை தாண்டியவரைக் கைகழுவுவது ஸ்காட்லாந்துச் சங்கம் அந்த இழுப்புக்கு எதிராகக் கட்டிய மதில். வெள்ளையரான எத்தனையோ முதல்தர ஆட்டக்காரர்களும் இதே மதிலில் மோதி நின்றார்கள். இங்கிலாந்தில் ஆடும் ஸ்காட்லாந்துக்காரர்களை அழைக்க 1896-இல்தான் மனம் வந்தது. அப்போது வாட்சனுக்கு வயது 40 நெருங்கியிருந்தது.

ஆகவே அவருடைய சர்வதேச எண்ணிக்கை மூன்றோடு நின்றதற்கு இந்த வழக்கமே நேரடிக் காரணம். நிறம் காரணமாயிருந்தால் 1881-இல் தலைமையும் 1882-இல் மறு அழைப்பும் கிடைத்திருக்காது.

லண்டன் போன அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் மனைவி ஜெஸ்ஸி இறந்தார். இரண்டு சிறு குழந்தைகளும் கிளாஸ்கோவிலுள்ள தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர அனுப்பப்பட்டனர். வாட்சன் ஆட்டத்தை விடவில்லை. ஸ்விஃப்ட்ஸ் அணியில் சேர்ந்து 1882–83 பருவத்தில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையில் ஆடினார், அந்தக் கோப்பையில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவரே. ஓவலில் அவருக்கு எதிராகக் கோல் போட்ட பாம்பிரிட்ஜின் அணி அது.

அடுத்து வந்த அழைப்பு இதைவிடச் சுவையானது. ஸ்காட்லாந்திடம் தொடர்ந்து உதைபட்ட அவமானம் தாங்காமல், இங்கிலாந்தின் சிறந்த அமெச்சூர் ஆட்டக்காரர்களை ஒன்றாக ஆடிப் பழகவைக்க வேண்டும் என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் கௌரவ உதவிச் செயலாளர் ‘பா’ ஜாக்சன் 1882-இல் தொடங்கிய அணி கொரிந்தியன். 6–1, 5–1 என்று அடுத்தடுத்து வந்த தோல்விகள்தாம் அந்த அணியைப் பிறக்க வைத்தவை. அந்தத் தோல்விகளைத் தந்த அணியின் பின்களத்தில் நின்ற வாட்சனையே கொரிந்தியன் 1884-இல் தன்னுடன் ஆட அழைத்தது. மேல்தட்டுப் பள்ளிகளும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களும் நிறைந்த அந்த அணியில் வெளியார் ஒருவர் நுழைவது அரிது. அவ்வாண்டு எஃப்.ஏ. கோப்பையைக் கையில் வைத்திருந்த பிளாக்பர்ன் ரோவர்ஸை கொரிந்தியன் 8–1 என்று நொறுக்கியபோது வாட்சன் அணியில் இருந்தார்.

அந்த 8–1-ஐ இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். 1884, 1885 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் போன குயின்ஸ் பார்க், இரண்டிலும் தோற்றது இதே பிளாக்பர்னிடம்தான். அந்த இரண்டு இறுதி ஆட்டங்களிலும் வாட்சன் குயின்ஸ் பார்க்குக்கு ஆடவில்லை. ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்ய நான் முயலப் போவதில்லை. ஆனால் அந்த அணியின் ரசிகர்கள் அன்று அதை நிச்சயம் பேசியிருப்பார்கள்.

இடையில் கிளாஸ்கோ வரும்போதெல்லாம் பழைய அணிக்கு ஆடுவது உண்டு. 1886 பிப்ரவரி 13 அன்று ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் ரென்டனை 3–1 என்று வென்ற குயின்ஸ் பார்க் அணியின் பின்களத்தில் நின்றவர்கள் வால்டர் ஆர்னட்டும் வாட்சனும். வாட்சனுக்கு அது மூன்றாவது கோப்பை. தோற்ற ரென்டன் ஒன்றும் எளிய அணி இல்லை. இரண்டே ஆண்டுகளில் அதே கோப்பையை வென்று, உலகச் சாம்பியன் என்று தன்னைத்தானே அறிவித்துக்கொண்ட அணி.

1887 பிப்ரவரியில், இந்திய வணிகம் செய்த ஒருவரின் மகளான எலைசா கேட் டைலரை மறுமணம் செய்துகொண்டு லிவர்பூல் பக்கம் போனார். அங்கே பூட்டில் அணிக்கு ஆடினார். பூட்டில் அப்போது பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள் பலருக்குக் கூலியும் சேர்க்கைப் பணமும் கொடுத்துவந்தது. வாட்சனுக்கும் கொடுத்திருந்தால் முதல் கறுப்பினத் தொழில்முறை ஆட்டக்காரர் என்ற பட்டமும் அவருக்கே போகும். கொடுத்ததற்கு ஆவணச் சான்று எதுவும் முன்வைக்கப்படவில்லை. இந்தப் பட்டத்தையும் அவர் தலையில் வைத்துவிட வேண்டும் என்ற ஆர்வம் சிலருக்கு இருக்கிறது; அவருடைய பெருமைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. ஆட்டம் முடிந்தபின் அவர் கடல்சார் பொறியாளராகத் தேர்வு எழுதித் தேறி, கப்பல்களில் வேலை பார்த்தார். ஓய்வுக்குப் பின் லண்டனின் மேற்கே கியூவில் வாழ்ந்து, 1921 மார்ச் 8 அன்று நிமோனியாவால் இறந்தார். ரிச்மண்ட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

வசையும் மௌனமும்

நிறம் களத்தில் பேசப்படவே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1880-களின் நடுப்பகுதியில் ஒரு ஸ்காட்லாந்து விளையாட்டு இதழ் வாட்சனைப் பற்றி எழுதியபோது, கோபக்கார எதிரணியினர் சிலர் ஒரு முறைக்கு மேல் அவரை இழிவாக ஏசியதையும், அப்போதும் அவர் தன் கண்ணியத்தை விடவில்லை என்பதையும் பதிவு செய்தது. என்ன ஏசினார்கள் என்று இதழ் சொல்லவில்லை. ஊகிப்பது கடினமும் இல்லை. பாராட்டும் தொனியில் எழுதப்பட்ட அந்த வரிகளுக்குள்ளேயே ஒரு கசப்பு இருக்கிறது: ஏசியவர்களை யாரும் கேட்கவில்லை, ஏச்சு வாங்கியவரின் பொறுமை மட்டும் மெச்சப்பட்டது.

மற்றபடி ஆட்ட விவரங்களில் அவர் நிறம் அநேகமாக வருவதே இல்லை. எல்லோரும் கறுப்புப் பூட்ஸ் போடும் களத்தில் இவர் பழுப்பு நிறப் பூட்ஸ் போட்டு வந்ததைப் பத்திரிகைகள் கவனித்து எழுதியிருக்கின்றன. இதை மேம்போக்காகப் பார்த்தால் இனிமையான செய்தி. ஆனால் பின்னால் வந்த வரலாற்றாசிரியருக்கு அதே மௌனம் பொறியானது. ஆட்ட அறிக்கைகளையும் அணிப் பட்டியல்களையும் மட்டும் படிப்பவருக்கு, ‘ஏ. வாட்சன், குயின்ஸ் பார்க்’ என்பது ஆயிரம் ஸ்காட்லாந்துப் பெயர்களில் ஒன்று. அந்தப் பெயரைப் பார்த்து யாருக்கும் டெமராரா நினைவுக்கு வராது. அணிப் புகைப்படங்களில் அவர் தெளிவாக இருக்கிறார். அந்தப் படங்களும் அழிந்துபோகவில்லை. படத்தையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள்தான் வரவில்லை.

அதற்கும் மேலான காரணம் ஏட்டுக் கணக்கு. கால்பந்து வரலாறு என்று பின்னால் எழுதப்பட்டது பெரும்பாலும் லீக்கின் வரலாறு. இங்கிலாந்தின் லீக் 1888-இல் தொடங்கியது; வாட்சனின் சிறந்த ஆண்டுகள் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. லீக் ஆட்டங்கள், ஒப்பந்தங்கள், சம்பளம், ஆட்டக்காரர் அணி மாறும்போது தரப்படும் மாற்றுத்தொகை என்று எண்ணிக்கைகளால் ஆன ஏட்டில், கடிதம் எழுதி ஏற்பாடு செய்த ஆட்டங்களுக்கும் சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களுக்கும் பத்தி கிடையாது. இதற்கு நல்ல எதிர்ச்சான்று கோல்கீப்பர் ஆர்தர் வார்ட்டன். மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் (இன்றைய கானா) 1865-இல் பிறந்த அவர், 1889-இல் ரோதராம் அணியில் தொழில்முறை ஆட்டக்காரரானார். அவரும் வறுமையில் இறந்து, கல்லறைக் கல் இல்லாமல் கிடந்தவர்தான். ஆனாலும் ஆய்வாளர்கள் முதலில் கண்டெடுத்தது அவரையே. பிரிட்டனின் முதல் கறுப்பினக் கால்பந்து வீரர் என்ற பெயரை அவர் நெடுங்காலம் வைத்திருந்தார். அவர் லீக் காலத்தவர், சம்பளக்காரர். தேடுபவர்கள் தேடிய ஏட்டில் இருந்தவர். வாட்சன் அவருக்கு ஏறக்குறைய பத்தாண்டு முன்னவர், ஏட்டுக்கு வெளியே நின்றவர்.

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக் கால்பந்து அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கெட் ஓ’பிரையன் வாட்சனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பிறகும் தவறுகள் தீரவில்லை. அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கே இறந்தார் என்ற செய்தி பல ஆண்டுகள் கைமாறி வந்தது. வரலாற்றாசிரியர் ஆண்டி மிட்செல் பிறப்பு, மணம், இறப்புப் பதிவேடுகளின் வழியே போய் கியூவையும் ரிச்மண்டையும் கண்டுபிடித்த பின்னரே அது திருத்தப்பட்டது. சிதைந்திருந்த கல்லறையும் பிற்பாடு சீர்செய்யப்பட்டது. விளையாட்டுத் தாள்களில் கிடைக்காத ஒருவர் குடிமைப் பதிவேடுகளில் கிடைத்தார் என்பது, இவரைப் போல் விடுபட்டவர்களைத் தேடுவோர் எங்கே போக வேண்டும் என்பதற்கு ஒரு துப்பு.

மதிப்பீடு

முதல் கறுப்பினத்தவர் என்ற அடைமொழி வாட்சனுக்குப் புகழைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. கூடவே அவருடைய ஆட்டத்தை மறைக்கவும் செய்கிறது. அவருக்குப் பிறகு ஸ்காட்லாந்து ஆண்கள் அணியில் கறுப்பினத்தவர் ஒருவர் ஆட 2004-இல் நைஜல் குவாஷி வரும்வரை 122 ஆண்டுகள் ஆயின என்பதும், இங்கிலாந்தின் முழு அணிக்கு விவ் ஆண்டர்சன் 1978-இல்தான் ஆடினார் என்பதும் அந்த இரண்டு சங்கங்களைப் பற்றிய செய்திகள். வாட்சன் எப்படிப்பட்ட பின்கள வீரர் என்பதற்கு அவை சான்றாகா.

அதற்குச் சரியான அளவுகோல் வால்டர் ஆர்னட். வாட்சன் கிளாஸ்கோவை விட்டுப் போன பிறகு, 1883-இல் தேசிய அணியின் பின்களத்துக்கு வந்தவர் அவர். குயின்ஸ் பார்க்கிலேயே இருந்து 1893 வரை 14 முறை நாட்டுக்கு ஆடினார். 1884 முதல் அந்தப் பத்து ஆண்டுகளில் இங்கிலாந்துக்கு எதிரான ஓர் ஆட்டத்தைக்கூட விடவில்லை. அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த பின்கள வீரர் என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் அவரைத்தான் சொல்வார்கள். 1886-இல் ரென்டனுக்கு எதிரான இறுதி ஆட்டத்துக்கு ஆர்னட்டுக்கு இணையாக ஒருவரை நிறுத்த வேண்டியிருந்தபோது, ஊரிலேயே இருந்த ஆட்டக்காரர்களைத் தாண்டி, நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நகரை விட்டுப் போயிருந்த 29 வயது வாட்சனைத்தான் குயின்ஸ் பார்க் தேர்ந்தெடுத்தது. ஆர்னட் 14, வாட்சன் 3 என்ற எண்களை இந்தத் தேர்வோடு சேர்த்துப் படித்தால், இருவருக்கும் இடையிலான அந்தப் பதினொன்றில் பெரும்பகுதி லண்டன் முகவரியின் விலை என்றே நான் கணக்கிடுவேன்.